கல் பொறுக்கிய துரை

தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரங்களில் ஏர் உழும்போது சில சமயம் ஒரு கல் தட்டுப்படும்.

உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கும். மறுபக்கம் கோடரி வாய்போல அகன்று, கூராக இருக்கும். தடவிப் பார்த்தால் வழவழ என்று இருக்கும். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லுக்கு அந்த உருவம் வராது. மனிதன் உட்கார்ந்து தேய்த்தால்தான் வரும்.

உழுகிறவர் அதைத் தூக்கி எறிய மாட்டார். மரத்தடிப் பிள்ளையார் முன்பு கொண்டுபோய் வைத்துவிடுவார். சில கோயில்களில் இப்படிச் சேர்ந்த கற்கள் பல இருக்கின்றன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அதே மலைக் காடுகளுக்கு வேறு சிலரும் வந்ததுண்டு. அவர்கள் கையில் கடப்பாரை இருக்கும். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட பழைய சின்னங்கள் காட்டில் உண்டு. ஜனங்கள் அவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள். உண்மையில் அவை இறந்தவர்களுக்காகக் கட்டியவை. உள்ளே புதையல் இருக்கும் என்பது கடப்பாரைக்காரர்களின் நினைப்பு.

தங்கம் இருக்காது. மண் பானை இருக்கும். எலும்பு இருக்கும். துருப்பிடித்த இரும்பு இருக்கும். ஏமாந்தவர்கள் கோபத்தில் பானையை உடைத்து வீசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்கள் வேண்டாம் என்று வீசிய அந்த ஓட்டாஞ்சில்லிகளைத்தான் ஒருவர் வேண்டும் என்று தேடினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அரை நூற்றாண்டுக் காலம் தேடினார். யாரும் குடியிராத மேடுகள், காடு மூடிய பாழ் மனைகள், குகைகள், ஆற்றங்கரைகள் என்று அவர் கால் படாத இடம் தென்னாட்டில் குறைவு.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட்.

நிலக்கரி தேட வந்த இலாகா

பூட் 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார்.

1858-ல் அவருக்கு இந்தியாவில் உத்தியோகம் கிடைத்தது. அப்போது வயது 24. கம்பெனி ஆட்சி போய், விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்த வருடம் அது. சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டி முடியவில்லை. அந்த நாளில் கப்பல் ஏறி இந்தியா வருவது சின்னக் காரியம் அல்ல.

அவர் சேர்ந்தது பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா. அதாவது, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் இலாகா. 1851-ல் அதை ஆரம்பித்தார்கள். ரெயில் ஓட வேண்டும், கப்பல் ஓட வேண்டும். அதற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

பூட்டைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள்.

மேஜை முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது. ஊர் ஊராக நடக்க வேண்டும். பாறையை உடைத்துப் பார்க்க வேண்டும். ஓடைக் கரையில் எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் இருக்கிறது என்று எழுத வேண்டும். படம் போட வேண்டும். மழைக் காலம் போக, மற்ற மாதங்களில் கூடாரம்தான் வீடு.

இப்படித் தரையைப் பார்த்தே நடந்து பழகிய கண் அவருடையது. அந்தக் கண்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

பிரான்சில் நடந்த வழக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டும்.

உலகம் உண்டாகி ஆறாயிரம் வருடம்தான் ஆகிறது என்று அக்காலத்து வெள்ளைக்காரர்களில் பலர் நம்பினார்கள். பைபிளில் வரும் தலைமுறைகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அது.

பிரான்சு தேசத்தில் அப்வில் என்று ஓர் ஊர். அங்கே பூஷே தெ பெர்த் என்று ஒரு சுங்க அதிகாரி இருந்தார். ஆற்றங்கரைச் சரளைக்குள் அவர் கற்கருவிகளைக் கண்டார். இப்போது உலகத்திலேயே இல்லாத விலங்குகளின் எலும்பும் அதே சரளையில் கிடந்தது. அப்படியானால் அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்திருக்கிறான். இதைச் சொன்னதும் பண்டிதர்கள் சிரித்தார்கள். பல வருடம் சிரித்தார்கள்.

1859-ல் இங்கிலாந்திலிருந்து அறிஞர்கள் போய் நேரில் பார்த்தார்கள். சுங்க அதிகாரி சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். மனிதனின் வயது ஒரே வருடத்தில் பெரிதாகிவிட்டது.

பூட் அப்போது இந்தியாவில் இருந்தார். இந்தச் செய்திகளைப் படித்தார். அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கக் கூடாது என்ற நினைப்பு அவருக்கு வந்தது.

பல்லாவரத்துச் சரளைக் குழி

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந்தேதி.

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம். அங்கே பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானம் இருந்தது. அதன் அருகே சரளை வெட்டிய குழி ஒன்று. செம்புறாங்கல் சரளை.

குழியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருந்த கற்களில் ஒன்று பூட்டின் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார்.

அது கை அளவுக் கல். இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்திருந்தார்கள். தானாக உடைந்த கல்லில் உடைப்பு ஒழுங்காக இராது. இதில் ஒழுங்கு இருந்தது. ஓரம் கூராக வரவேண்டும் என்று ஒருவன் எண்ணித் தட்டிய கல் அது.

பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி! பிடி போடாமல், கையில் வைத்தே வெட்டுவதற்கும் கிழிப்பதற்கும் பயன்படுத்திய ஆயுதம்.

இந்திய மண்ணில் அப்படிப்பட்ட ஆயுதத்தை இன்னது என்று அறிந்து எடுத்தது அதுவே முதல் தடவை. பூட்டுக்கு அப்போது 28 வயது.

ஒரு கல் போதுமா? போதாது. தற்செயலாக உடைந்த கல் என்று சொல்லிவிடலாம் அல்லவா? பூட் மேலும் தேடினார். அவரோடு வேலை பார்த்த வில்லியம் கிங்கும் சேர்ந்துகொண்டார்.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ந்தேதி, இருவரும் அத்திரம்பாக்கம் போனார்கள். சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உள்ள கிராமம் அது. மழைத் தண்ணீர் அரித்த ஓடைகளில் கற்கருவிகள் கிடந்தன. ஒன்று, இரண்டு அல்ல, நிறையக் கிடந்தன. மண்ணுக்குள் பதிந்தும் இருந்தன.

இனி யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆதி மனிதன் தமிழ்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

அந்தச் சாட்சி எத்தனை வயதானது? பூட்டால் அதைச் சொல்ல முடியவில்லை. அதை அளந்து பார்க்கும் வழி அன்று இல்லை. பதில் வருவதற்கு 148 வருடம் ஆயிற்று. சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரின் குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் முறைப்படி தோண்டினார்கள். அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

தீர்த்தமலைக் கருங்கல்

பூட்டும் கிங்கும் சேலம் ஜில்லாவையும் ஆராய்ந்தார்கள்.

அப்போது தர்மபுரி தனி ஜில்லா அல்ல. சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதிதான் தனியாகப் பிரிந்தது. கிருஷ்ணகிரியும் அதற்குள்ளேயே இருந்தது. 2004-ல் அது தனி மாவட்டம் ஆயிற்று. இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் பாரமகால்.

அரூர் பக்கத்துத் தீர்த்தமலையை எல்லோருக்கும் தெரியும். தீர்த்தமாடப் போகிறவர்கள் மலையின் கோயிலைப் பார்ப்பார்கள். கிங்கும் பூட்டும் மலையின் கல்லைப் பார்த்தார்கள். கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடிய கல். காந்தம் வைத்தால் ஒட்டும். நல்ல இரும்புக் கல். சேலத்துக் கஞ்சமலையைப் போலவே தீர்த்தமலையையும் இரும்புக் கல் உள்ள மலைகளில் ஒன்றாக அவர்கள் தங்கள் அறிக்கையில் சேர்த்தார்கள். 1860-களில் அந்த அறிக்கை வெளிவந்தது.

அந்த நாளில் சேலம் ஜில்லாக் கிராமங்களில் இரும்பு உருக்குகிறவர்கள் இருந்தார்கள். களிமண்ணால் சின்ன உலை கட்டுவார்கள். கரியைப் போட்டுத் துருத்தியால் ஊதுவார்கள். சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. உலை இருந்த இடத்தில் இரும்புக் கசடு மட்டும் குவிந்து கிடந்தது. இன்றும் சில ஊர்களில் கிடக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வெறும் கறுப்புக் கட்டி.

மாமனார் பழமொழி, மருமகன் கல்

பூட் 1862-ல் கலியாணம் செய்துகொண்டார். பெண் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள்.

பெர்சிவலைத் தமிழர்கள் மறக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர் அவர். பிறகு சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தினவர்த்தமானி என்ற தமிழ் வாரப் பத்திரிகையை 1855-ல் தொடங்கியவரும் அவரே.

தமிழ்ப் பழமொழிகள் என்றால் அவருக்கு உயிர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்து, 1882-ல் அங்கேயே காலமானார்.

மாமனார் ஊர் ஜனங்களின் வாயில் கிடந்ததைப் பொறுக்கினார். மருமகன் அவர்கள் காலடியில் கிடந்ததைப் பொறுக்கினார். பொருத்தமான சம்பந்தம்தான்!

பாழ் மனையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கைக்கோடரி செய்த மனிதன் வீடு கட்டவில்லை. வேட்டையாடி அலைந்தவன் அவன். அவனுக்குப் பல காலம் பின்னால் வந்தவர்கள்தான் ஓர் இடத்தில் தங்கினார்கள். ஆடு மாடு வளர்த்தார்கள். பயிர் செய்தார்கள். பானை வனைந்தார்கள். கல்லைத் தட்டுவதோடு விடாமல், தேய்த்து மெருகு ஏற்றிக் கோடரி செய்தார்கள். இதைப் புதிய கற்காலம் என்கிறோம். பிள்ளையார் கோயிலில் இருக்கும் வழவழப்பான கல் இவர்கள் செய்ததுதான்.

இவர்கள் குடியிருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கோயில் இல்லை, கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை. குடிசை மக்கிப் பல ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. மேலே முள்ளும் மரமும் வளர்ந்துவிட்டன.

ஆனால் மண் மறக்காது. ஜனங்கள் பல காலம் குடியிருந்த இடத்தில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். சாம்பல் கலந்து மிருதுவாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் ஓட்டாஞ்சில்லி தலை காட்டும். அரைத்து அரைத்துக் குழி விழுந்த அம்மி கிடக்கும். பாறைமேல் நீளமாகப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். கோடரியைத் தீட்டிய இடம் அது. கோடரி செய்யும்போது தெறித்த கற்சில்லுகள் சுற்றிலும் இறைந்து கிடக்கும்.

இந்த அடையாளங்களையெல்லாம் பூட் ஒன்று விடாமல் பார்த்தார். பல்லாரி ஜில்லாவில் இருந்த காலத்தில் அவருக்கு நல்ல வேட்டை. அங்கே கப்பகல்லு என்ற ஊர் அருகே ஒரு குன்று. அந்தக் குன்றே ஒரு கோடரிப் பட்டறை! முடிந்த கோடரி, பாதி முடிந்த கோடரி, செய்யும்போது உடைந்துபோன கோடரி என்று எல்லாம் அங்கே கிடந்தன. ஒரு கோடரி எப்படிப் பிறந்து வளர்ந்தது என்பதை அவற்றை வரிசையாக வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பக்கத்தில் இன்னோர் அதிசயமும் உண்டு. அங்கங்கே பெரிய பெரிய சாம்பல் மேடுகள். சுற்றுப்புறத்து ஜனங்கள் அவற்றுக்குக் கதை வைத்திருந்தார்கள். ராட்சதனைத் தகனம் செய்த சாம்பல் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று அம்பிப் பக்கத்தில் சொன்னார்கள்.

பூட் அந்தச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். ஓடு கிடைத்தது. எலும்பு கிடைத்தது. தேய்த்த கற்கோடரி கிடைத்தது. ஆகவே சாம்பல் மேட்டுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதிவைத்தார்.

வெகு காலம் கழித்து உண்மை வெளிப்பட்டது. தெலுங்கு நாட்டில் உட்னூர் என்ற இடத்தில் ஆல்சின் என்ற அறிஞர் 1957-ல் தோண்டினார். சாம்பலுக்கு இடையே மாட்டுக் குளம்படிகள் பதிந்திருந்தன. அது மாட்டுப்பட்டி! மலைபோல் குவிந்த சாணத்தைக் கற்கால மக்கள் கொளுத்தியிருக்கிறார்கள். ராட்சதன் சாம்பல் என்று நினைத்தது மாட்டுச் சாணத்தின் சாம்பல்!

அப்பாவும் பிள்ளையும்

கர்நூல் ஜில்லாவில் பில்லசுர்கம் என்று சில குகைகள் உண்டு. அங்கே ஆதி விலங்குகளின் எலும்பு கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்த கிராண்ட் டப் அதில் அக்கறை காட்டினார். பூட்டைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

1884-ல் பூட் அங்கே வேலை செய்தார். அவரால் முழு நேரமும் தங்க முடியவில்லை. அவருடைய மகன் ஹென்றி பூட், பீரங்கிப் பட்டாளத்தில் லெப்டினெண்டாக இருந்தவர். அவர் வந்து அப்பாவின் வேலையைத் தொடர்ந்து செய்தார். குகையின் மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். பலவகை விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. எலும்பால் செய்த கருவிகளும் கிடைத்தன.

திருநெல்வேலிப் பக்கம் போனபோது சாயர்புரத்துத் தேரியில், செம்மணலில், நகம் அளவுள்ள சின்னஞ்சிறு கற்கருவிகளை எடுத்தார். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஓய்விலும் ஓயவில்லை

1891-ல் பூட் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சீமைக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பரோடா மகாராஜா அழைத்தார். போய் அந்த ராஜ்யத்தை ஆராய்ந்தார். பிறகு மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். போன இடமெல்லாம் கல் பொறுக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

குடியிருக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. மாமனார் கண் மூடிய ஊர்.

ஏற்காடு இருப்பது சேர்வராயன் மலைமேல். தெற்கே இறங்கினால் சேலம். வடக்கே இறங்கினால் பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி. அது தர்மபுரிச் சீமை. கலெக்டர் காக்பர்ன் காலத்தில் 1820-ஐ ஒட்டிக் காப்பிச் செடி அந்த மலைக்கு வந்தது. தோட்டம் போடக் காட்டை வெட்டினார்கள். மண்ணைக் கொத்தினார்கள். அப்போதெல்லாம் தேய்த்த கற்கோடரிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன.

ஆக, மலையாளி மக்களின் ஊர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அந்த மலையில் யாரோ குடியிருந்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல அவர்களுடைய பெயர்கூட மிஞ்சவில்லை. கோடரி மட்டும் மிஞ்சியது.

மலைமேலும் அந்தக் கோடரிகளில் பல பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. வானத்திலிருந்து இடியோடு விழுந்த கல் என்று இப்படிப்பட்ட கற்களை உலகத்தில் பல நாட்டு மக்கள் நம்பியிருக்கிறார்கள். ஐரோப்பாவில்கூட அப்படி நம்பிக் கூரையில் செருகி வைத்தார்கள். நம் ஊரில் சாமியிடம் வைத்தார்கள். வைத்ததால்தான் அவை பிழைத்தன என்றும் சொல்லலாம். ஆனால் எந்தக் காட்டில், எந்த மேட்டில் எடுத்தது என்பது இரண்டு தலைமுறையில் மறந்துபோகும். அதற்குப் பிறகு அந்தக் கல்லால் ஒன்றும் சொல்ல முடியாது.

பூட்டின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கல் சேர்த்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். கலெக்டர்கள், பாதிரிமார்கள், தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்த்தார்கள். அழகான கோடரியை வரவேற்பு அறையில் வைத்தார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். பூட் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். எந்த ஜில்லா, எந்த ஊர், மலையா, ஆற்றங்கரையா என்று எழுதினார். உடைந்த ஓட்டுக்கும் அந்த மரியாதை கொடுத்தார். அதில் உள்ள கோலம் என்ன, நிறம் என்ன என்று குறித்தார்.

எழும்பூருக்கு வந்த பெட்டிகள்

வயது எழுபதை நெருங்கியது. வீடு முழுவதும் கல்லும் ஓடும். தமக்குப் பின் இவை என்ன ஆகும்?

அந்தக் காலத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. அமராவதிச் சிற்பங்களில் பல லண்டனுக்குப் போய்விட்டன. 1876-ல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய ஜாகோர் என்ற ஜெர்மானியர், எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். பூட்டின் சேகரிப்பும் அப்படிப் போயிருந்தால் கேட்பார் இல்லை.

போகவில்லை. 1904-ல் சென்னை மியூசியம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பொருள்கள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. தெற்கிலும் மேற்கிலும் 400-க்கு மேற்பட்ட இடங்களில் எடுத்தவை அவை.

கொடுத்ததோடு கிழவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. விளக்கமான பட்டியல் ஒன்று எழுத உட்கார்ந்தார். ஜில்லா ஜில்லாவாக, ஊர் ஊராக எழுதினார். சேலம் ஜில்லாவும் அதில் உண்டு.

அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 78. பட்டியல் 1914-லும், அதைச் சேர்ந்த குறிப்புகள் 1916-லும் சென்னையில் வெளிவந்தன.

அவர் உடலைத் தகனம் செய்தார்கள். சாம்பலை ஏற்காட்டுக்குக் கொண்டு வந்து, ஹோலி டிரினிடி சர்ச்சில் வைத்தார்கள்.

அவர் தவறியது எங்கே?

பூட் எழுதியது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது.

அவர் பெரும்பாலும் தரைமேல் கிடந்ததைத்தான் எடுத்தார். குகை வேலையைத் தவிர, ஆழத் தோண்டி அடுக்கு அடுக்காகப் பார்த்தது குறைவு. அதனால் எதற்கு முன்னால் எது, எதற்குப் பின்னால் எது என்பதில் பல இடங்களில் ஊகமே மிஞ்சியது.

பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நீண்ட காலம் இந்த நாட்டில் ஆளே இல்லை என்று அவர் எண்ணினார். அது தவறு. நடுவே வாழ்ந்தவர்கள் சின்னஞ்சிறு கற்கருவிகள் செய்தவர்கள். சாயர்புரத்துத் தேரியில் அவரே எடுத்தாரே, அந்த மாதிரிக் கருவிகள்! விடை கையில் இருந்தது. கணக்கு மட்டும் தப்பிவிட்டது.

ஆனால் தப்பைத் திருத்தப் பின்னால் வந்தவர்களால் முடிந்தது. எங்கே எடுத்தது என்று அவர் எழுதி வைத்திருந்தார் அல்லவா? அந்த ஊருக்கே மறுபடி போய்ப் பார்த்தார்கள்.

தர்மபுரிச் சீமையிலும் அப்படித்தான் வேலை நடந்தது. தர்மபுரிக்கு அருகே மோதூரில் 2004-05-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். புதிய கற்கால மக்களும், அவர்களுக்குப் பின் இரும்பு கொண்டு வாழ்ந்தவர்களும் ஒரே இடத்தில் குடியிருந்த தடயம் கிடைத்தது. அதே பாரமகாலில், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 வருடம் பழையது என்று 2022-ல் அறிவித்தார்கள்.

இரும்பின் வயதை இரும்பைப் பார்த்துச் சொல்லவில்லை. அது கிடந்த மண் அடுக்கில் இருந்த கரித்துண்டை வைத்துக் கணக்கிட்டார்கள். கடப்பாரைக்காரர்கள் முன்பே வந்து அந்த மண்ணைக் கலைத்திருந்தால் அந்தக் கணக்கு கிடைத்திராது.

பூட் எண் போட்டு வைத்த கற்கள் எழும்பூர் மியூசியத்தின் சொத்தாக இருக்கின்றன. பல்லாவரத்தில் அவர் குனிந்து எடுத்த அந்த வகைக் கைக்கோடரிகளையும், வழவழப்பான கற்கோடரிகளையும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். மஞ்சளும் குங்குமமும் அவற்றில் இல்லை. பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு இருக்கிறது.